ஐந்து வோல்ட் ரேஷன்

வை-ஃபை இழுக்கவில்லை என்றால் நாம் முதலில் திட்டுவது ரூட்டரை. அடுத்தது இன்டர்நெட் கம்பெனியை. அப்புறம் நடுவில் நிற்கிற சுவரை. கம்ப்யூட்டரின் முதுகில் செருகியிருக்கும் கட்டை விரல் நுனியளவு யு.எஸ்.பி. அடாப்டரை யாரும் சந்தேகப்படுவதில்லை. அப்படியே சந்தேகப்பட்டாலும், 'மட்டமான சரக்கு, சிக்னல் இழுக்க மாட்டேங்குது' என்போமே தவிர, 'பாவம், அதுக்குச் சாப்பாடு பத்தலை' என்று சொன்னதாகச் சரித்திரமில்லை.

ஆனால் பல வீடுகளில் சங்கதி அதுதான். பசி.

அந்த அடாப்டருக்குத் தனி சார்ஜர் கிடையாது, பேட்டரி கிடையாது. கம்ப்யூட்டர் தன் யு.எஸ்.பி. துவாரம் வழியாக என்ன போடுகிறதோ அதைத்தான் சாப்பிட வேண்டும். சாதாரண யு.எஸ்.பி. 2.0 துவாரத்தில் அளவுச் சாப்பாடு: 5 வோல்ட், அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் இரண்டரை வாட். நம் வீடுகளில் இரவில் எரிந்துகொண்டிருந்த பழைய ஜீரோ வாட் பல்பு இருக்கிறதே, அதுவே பெயருக்குத்தான் ஜீரோ. பன்னிரண்டு, பதினைந்து வாட் சத்தமில்லாமல் தின்னும். அதில் ஆறில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு இந்த அடாப்டர் ஒரு வானொலி நிலையத்தையே நடத்தியாக வேண்டும். பேசவும் வேண்டும், கேட்கவும் வேண்டும், அதுவும் விநாடிக்குப் பல லட்சம் பிட்டுகள்.

இதில் தமாஷ் என்னவென்றால், உள்ளே இருக்கிற ரேடியோ சிப்புக்கு அந்த 5 வோல்ட்டே ஆகாது. பெரும்பாலும் 3.3 வோல்ட்தான் கேட்கும். சில பகுதிகளுக்கு அதுவும் அதிகம். வருவது ஒன்று, வேண்டியது இன்னொன்று. நடுவில் ஒரு குட்டி ரெகுலேட்டர் உட்கார்ந்துகொண்டு, வந்ததைக் குறைத்துப் பரிமாறுகிறது.

வேண்டாத 5 வோல்ட்டை எதற்குக் கொடுக்கிறார்கள்? 500 என்று கோடு போட்டது யார்? விசாரித்துக்கொண்டே போனால், ஒருவரையொருவர் கலந்து பேசாத மூன்று கூட்டத்தார் அகப்படுகிறார்கள். 1960-களில் ஒரு கூட்டம், 1990-களில் ஒரு கூட்டம், இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் ரேடியோவோடு மல்லுக்கட்டிய இன்னொரு கூட்டம். மூவரும் தனித்தனியாக எடுத்த நியாயமான முடிவுகள் நம் வீட்டு அடாப்டருக்குள் வந்து முட்டிக்கொள்கின்றன.

முதல் கூட்டத்திலிருந்து ஆரம்பிப்போம்.

*

1960-களின் தொடக்கத்தில், டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் சேர்த்து வைத்து 'ஆம்', 'இல்லை' என்று கணக்குப் போட வைக்கும் வித்தை அமெரிக்காவில் சூடு பிடித்தது. அதில் டி.டி.எல். என்றொரு வகை. டிரான்சிஸ்டர் - டிரான்சிஸ்டர் லாஜிக் என்பதன் சுருக்கம். 1961-ல் டி.ஆர்.டபிள்யூ. கம்பெனியைச் சேர்ந்த ஜேம்ஸ் பூயி இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆனால் இதை மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். முதலில் ராணுவத்துக்காக 5400 வரிசை. அப்புறம் பிளாஸ்டிக் உடுப்பில், மலிவு விலையில் 7400 வரிசை. மின்னணுப் பாடம் படித்தவர்கள் கல்லூரி லேபில் இந்த எண்ணைக் கும்பிடாமல் வெளியே வந்திருக்க முடியாது.

இந்த வரிசை முழுவதும் 5 வோல்ட்டில் ஓடியது. அந்தக் காலத்து டிரான்சிஸ்டர்கள் வேகமாகவும் குழப்பமில்லாமலும் வேலை செய்ய அது தோதான அளவு. அவ்வளவுதான் காரணம். வானத்திலிருந்து அசரீரி எதுவும் ஒலிக்கவில்லை. ஆனால் எல்லோரும் 7400 வாங்கினார்கள் என்பதால், எல்லோரும் 5 வோல்ட் சப்ளை செய்தார்கள். எல்லோரிடமும் 5 வோல்ட் சப்ளை இருந்ததால், அடுத்து வந்த சிப்புகளும் 5 வோல்ட்டுக்கே பிறந்தன. 1981-ல் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது அதன் நாடி நரம்பெல்லாம் 5 வோல்ட்தான். கீபோர்டுக்குப் போன வயரிலும் அதுவே.

அந்த 5 வோல்ட்டைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது அப்போதே ஒரு தலைவலியாக இருந்தது. பெரிய இயந்திரம் ஒன்றின் மூலையில் பவர் சப்ளை இருக்கும். கார்டுகளோ தள்ளித் தள்ளி இருக்கும். வயர் நீளமாக ஆக, வழியிலேயே வோல்ட்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துவிடும். கோயில் வாசலில் பிரசாத வரிசை மாதிரி. கடைசியில் நிற்பவருக்குக் கை நிறையக் கிடைக்காது.

இதற்கு வைத்தியம் பார்த்தவர் பாப் விட்லர். நேஷனல் செமிகண்டக்டர் கம்பெனியின் மேதை, கூடவே மகா குடிகாரர். சோதனையில் ஏமாற்றிய உதிரி பாகங்களைச் சம்மட்டியால் அடித்துத் தூளாக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார். சக ஊழியர்கள் அந்தச் சடங்குக்கு 'விட்லரைஸ்' என்றே பெயர் வைத்தார்கள். கம்பெனி செலவைக் குறைக்கிறேன் என்று புல் வெட்டுவதை நிறுத்தியபோது, தன் மெர்சிடிஸ் காரில் ஒரு செம்மறி ஆட்டை ஏற்றிக்கொண்டு வந்து ஆபீஸ் வாசலில் மேயவிட்ட ஆசாமி.

மனிதர் எப்படியோ, மூளை அபாரம். ஒரே மூலையில் உட்கார்ந்து எல்லோருக்கும் பரிமாறுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு கார்டிலும் ஒரு பரிமாறுபவரை நிறுத்திவிட்டால்? 1960-கள் முடிகிற சமயத்தில் விட்லர் வடிவமைத்த எல்.எம்.109 அதைத்தான் செய்தது. மூன்றே கால்கள். ஒன்றில் ஏறக்குறைய எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும், இன்னொன்றில் கச்சிதமாக 5 வோல்ட் போகும். மூன்றாவது பூமி. ரொம்பச் சூடானால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் சாமர்த்தியமும் உள்ளேயே இருந்தது.

சூடு ஏறினாலும் இறங்கினாலும் மாறாத ஓர் அளவுகோல் இல்லாமல் இது நடக்காது. டிரான்சிஸ்டருக்குள் ஒரு வோல்ட்டேஜ் சூடு ஏற ஏறக் குறையும், இன்னொன்று கூடும். விட்லர் இரண்டையும் சரியான விகிதத்தில் கூட்டினார். ஒன்றின் குறையை மற்றது சமன் செய்தது. விடை சுமார் 1.2 வோல்ட், எந்த வெயிலிலும். அந்த உத்தியின் வாரிசுகள்தாம் இன்றைக்கும் நம் அடாப்டருக்குள் இருக்கும் அரிசி அளவு ரெகுலேட்டருக்கு வழி காட்டுகின்றன.

விட்லர் 1970 கடைசியில், முப்பத்து மூன்று வயதில், கையிலிருந்த பங்குகளைக் காசாக்கிக்கொண்டு மெக்ஸிகோ கடற்கரைக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அவர் விட்டுப்போன ரெகுலேட்டரின் குலம் பெருகிக்கொண்டே போனது.

*

ஆனால் 5 வோல்ட்டுக்கு ஆயுள் குறைந்துகொண்டே வந்தது. டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கிக்கொண்டே போனார்கள் அல்லவா? சிறிதாக ஆக, உள்ளே இருக்கும் காப்புப் படலமும் மெலிந்தது. பழைய 5 வோல்ட்டை அதன் மேல் ஏற்றினால் கிழிந்துவிடும். தவிர, சூடு. இந்த வகைச் சில்லுகள் தின்னும் மின்சாரம் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5-லிருந்து 3.3-க்கு இறங்கினால், அதே வேலைக்குப் பாதிக்கும் குறைவான மின்சாரம் போதும்.

1993-ல் வந்த இன்டெல்லின் முதல் பென்டியம் 5 வோல்ட்டில் ஓடியது. தோசைக்கல் என்று கிண்டல் பண்ணாத குறை. அடுத்த வருடம் வந்த பென்டியம் 3.3 வோல்ட்டுக்கு மாறியது. சிப் உலகம் மொத்தமும் அந்தப் பக்கம் நகர ஆரம்பித்தது.

சரியாக இந்தச் சமயத்தில்தான் இரண்டாவது கூட்டம் ஒன்று கூடுகிறது.

இதில் நம் ஊர்க்காரர் ஒருவர் முக்கியமானவர். அஜய் பட். குஜராத்தில் வதோதராவில் படித்து, அமெரிக்கா போய், 1990-ல் இன்டெல்லில் சேர்ந்தவர். மகளின் பள்ளிக்கூட வேலைக்காக எதையோ பிரின்ட் எடுக்க வீட்டில் மனைவி பட்ட பாட்டைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வலுத்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் பிரின்டருக்கு ஒரு துவாரம், மவுஸுக்கு ஒரு துவாரம், மோடத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். சுவரில் இருக்கும் மின்சார பிளக் பாயின்ட் மாதிரி, எதையும் செருகலாம் என்று ஒரே துவாரம் இருந்தால் என்ன?

இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., காம்பேக் உள்ளிட்ட ஏழு கம்பெனிகள் சேர்ந்து 1996 ஜனவரியில் யு.எஸ்.பி.யின் முதல் விதிமுறையை வெளியிட்டன. கம்ப்யூட்டரையும் டெலிபோனையும் இணைப்பது, சாமானிய ஜனங்களுக்குச் சுலபமாக இருப்பது, துவாரப் பற்றாக்குறையைத் தீர்ப்பது. இவைதான் அறிவிக்கப்பட்ட நோக்கங்கள். வயர்லெஸ் நெட்வொர்க் இந்தப் பட்டியலில் இல்லை.

வோல்ட்டேஜ்? கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே எது ஏராளமாக இருந்ததோ அது. 5. எத்தனை ஆம்பியர்? இங்கேதான் அந்த விதிப் புத்தகம் அழகான ஒரு ரேஷன் முறையை வகுத்தது. புதிதாக வந்து செருகிக்கொள்ளும் யாரும் முதலில் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் தொடக்கூடாது. முதலில் அறிமுகம். 'நான் இன்னார், எனக்கு இவ்வளவு வேண்டும்' என்று விண்ணப்பம். அந்த விண்ணப்பம் ஒரே ஒரு எண். இரண்டு மில்லி ஆம்பியர் ஓர் அலகு. 250 என்று எழுதிக் கொடுத்தால் 500 மில்லி ஆம்பியர் கேட்பதாக அர்த்தம். அதற்கு மேல் கேட்க முடியாது. கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துவிட்டு 'சரி' என்றால்தான் சாப்பிடலாம். இடவசதி இல்லையென்றால் 'கிடையாது' என்று சொல்லவும் அதற்கு உரிமை உண்டு. தனக்கென்று சார்ஜர் இல்லாத ஹப்பில் செருகினால், தலைக்கு 100-தான். பந்தியில் பாதி பேருக்குத்தான் பாயசம்.

கேட்காமல் எடுத்தால் என்னாகும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 1998 ஏப்ரலில் சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ். விண்டோஸ் 98 எவ்வளவு சுலபமானது என்று காட்ட, அவருடைய உதவியாளர் ஒரு யு.எஸ்.பி. ஸ்கேனரைச் செருகினார். அடுத்த நொடி திரை முழுக்க நீலம். கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டுவிட்டது. அரங்கமே சிரித்தது. கேட்ஸ் சமாளித்துக்கொண்டு, இதனால்தான் இன்னும் விற்பனைக்கு அனுப்பவில்லை என்கிற ரீதியில் ஜோக் அடித்தார். மைக்ரோசாஃப்ட் தரப்பிலிருந்து பின்னாளில் வந்த விளக்கம்: அந்த ஸ்கேனர் விதிமுறை அனுமதித்ததைவிட அதிக மின்சாரம் கேட்டது. அப்படி ஒரு விருந்தாளியை விண்டோஸ் எதிர்பார்த்திருக்கவில்லை.

*

மூன்றாவது கூட்டம், ரேடியோக்காரர்கள். 1985-ல் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை லைசென்ஸ் இல்லாமல் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்த அனுமதித்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அதில் ஒன்று. மைக்ரோவேவ் அடுப்புகள் ஆண்டுகொண்டிருந்த பிரதேசம், யாரும் சீந்தாத புறம்போக்கு நிலம் மாதிரி. அங்கேதான் குடிசை போட்டார்கள். 1997-ல் 802.11 என்ற முதல் விதிமுறை. 1999-ல் 802.11பி. அதே வருடம் 'வை-ஃபை' என்று நாமகரணம்.

2000-க்குப் பிறகு இந்த இரண்டு கதைகளும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டன. மேஜைக் கம்ப்யூட்டரைத் திறந்து கார்டு செருகப் பயப்படுகிறவர்களுக்கு யு.எஸ்.பி. அடாப்டர் வரப்பிரசாதம். செருகு, ஸி.டி.யைப் போடு, முடிந்தது.

ஆனால் ரேடியோவின் சாப்பாட்டுப் பழக்கம் மவுஸுடையது மாதிரி இல்லை. மவுஸ் நாள் முழுக்கக் கொறிக்கும் ஜாதி. ரேடியோ பேசாதபோது கொஞ்சமாகச் சாப்பிடும். வாயைத் திறந்து பேசும் அந்தச் சில மில்லி விநாடிகளில் கவளம் கவளமாக விழுங்கும். 2003-ல் 802.11ஜி வந்த பிறகு இது இன்னும் மோசம். பல குட்டி அலைகளை ஒரே நேரத்தில் அடுக்கி அனுப்பும் உத்தி அது. எல்லா அலைகளும் எப்போதாவது ஒரே சமயத்தில் உச்சத்துக்கு வந்தால் மொத்தமும் எகிறும். அந்த அபூர்வமான எகிறலிலும் குரல் பிசிறாமல் இருக்க, ஆம்ப்ளிஃபயர் எப்போதும் கொஞ்சம் அதிகப்படி தெம்போடு தயாராக நிற்க வேண்டும். ஆன்டெனா வழியாக வெளியே போவது பத்தில் ஒரு வாட். அதற்காக உள்ளே தின்பது அதைப்போலப் பல மடங்கு.

இதை வை-ஃபைக்காரர்கள் உணராமல் இல்லை. 1997 விதிமுறையிலேயே தூங்குவதற்கு ஏற்பாடு இருந்தது. ரூட்டர் விநாடிக்குச் சுமார் பத்து முறை தண்டோரா போடும். 'இன்னாருக்குத் தபால் வந்திருக்கிறது' என்று அதில் ஒரு பட்டியல். அடாப்டர் மற்ற நேரமெல்லாம் தூங்கலாம். தண்டோரா நேரத்துக்கு மட்டும் கண் விழித்து, தன் பெயர் இருந்தால் எழுந்து வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி குறட்டை. நல்ல ஏற்பாடு. ஆனால் டிரைவர் மென்பொருள் சரியாக எழுதப்படாத அடாப்டர்கள் சில நேரம் தண்டோராவையும் தாண்டித் தூங்கிவிடும். கனெக்‌ஷன் அறுந்துபோகும். 'பவர் சேவிங்கை அணைத்துப் பார்' என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான்.

*

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், பெருக்கலும் கழித்தலும்தான்.

5 வோல்ட் வருகிறது, 3.3 வேண்டும். மிச்சம் 1.7 வோல்ட் எங்கே போகும்? மலிவான அடாப்டர்களில் இருப்பது விட்லர் குலத்து 'லீனியர்' ரெகுலேட்டர். அதற்கு ஒரே ஒரு வழிதான் தெரியும்: மிச்சத்தைச் சூடாக எரித்துவிடுவது. நூறு ரூபாய்க்கு மின்சாரம் வாங்கினால் முப்பத்து நான்கு ரூபாய் அடுப்புக்குப் போகிறது. 300 மில்லி ஆம்பியர் ஓடினால், விரல் நுனியளவு பிளாஸ்டிக் கூட்டுக்குள் இடைவிடாமல் அரை வாட் சூடு. தொட்டுப் பார்த்துவிட்டு 'என்ன இப்படிக் கொதிக்குது' என்கிறோமே, அதில் ஒரு பெரிய பங்கு ரேடியோ வேலை செய்ததால் வந்ததே அல்ல. 1960-களுக்கும் 1990-களுக்கும் நடுவே உள்ள 1.7 வோல்ட் இடைவெளி எரிகிற சூடு.

இன்னொரு வகை ரெகுலேட்டர் உண்டு. ஸ்விட்ச்சிங் ரெகுலேட்டர். விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை மின்சாரத்தைத் திறந்து மூடி, ஒரு சின்னக் காயிலில் தேக்கி, வேண்டிய அளவுக்குச் சமன் செய்து அனுப்பும். எரிப்பது ரொம்பக் குறைவு. பிறகு ஏன் எல்லோரும் இதைப் போடவில்லை? காயிலுக்கு இடம் வேண்டும், காசு வேண்டும். தவிர, லட்சக்கணக்கான தடவை திறந்து மூடுகிற சத்தம் பக்கத்திலேயே இருக்கும் ரேடியோவின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சல்லிசாகச் செய்கிறவர்கள் பழைய அடுப்பே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

லீனியர் ரெகுலேட்டருக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. 3.3 கொடுக்க வேண்டுமானால், வாசலில் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக வந்தாக வேண்டும். பரவலாகப் புழங்கும் 1117 என்ற வகைக்கு இந்த அதிகப்படி சுமார் 1.1 வோல்ட். ஆக 4.4 வோல்ட்டாவது வர வேண்டும். 5-தானே வருகிறது, என்ன கவலை?

கவலை வயரில் இருக்கிறது. சிக்னல் நன்றாகக் கிடைக்கட்டும் என்று மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, அடாப்டரை ஜன்னலோரம் தொங்கவிடுகிறோம். யு.எஸ்.பி. விதிப் புத்தகத்தில் இப்படிப்பட்ட எக்ஸ்டென்ஷன் கேபிளுக்கு இடமே கிடையாது என்பது வேறு விஷயம். மலிவான கேபிளில் மின்சாரம் போகும் வயர் தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். 28 கேஜ் என்று வைத்துக்கொண்டால், போக மூன்று மீட்டர், வர மூன்று மீட்டர், மொத்தத் தடை சுமார் 1.3 ஓம். அரை ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 0.64 வோல்ட் காலி. மிச்சம் 4.36. வேண்டியது 4.4.

போச்சு.

அதுவும் எப்போது போகிறது பாருங்கள். சும்மா இருக்கும்போது 5 வோல்ட் சமர்த்தாக வந்து நிற்கும். மீட்டர் வைத்துப் பார்த்தால்கூட எல்லாம் சரியாகவே தெரியும். வாயைத் திறந்து பேசும் அந்தச் சில மில்லி விநாடிகளில்தான் சரியும். குரல் பிசிறும். எதிர்முனை ரூட்டருக்குப் புரியாது. புரிந்ததாகப் பதில் வராததால் அடாப்டர் அதையே மறுபடி சொல்லும். மறுபடி சொல்ல இன்னும் மின்சாரம். அப்படியும் எடுபடவில்லை என்றால் நிறுத்தி நிதானமாக, மெதுவான வேகத்தில் சொல்லும். மெதுவாகச் சொன்னால் வாய் திறந்திருக்கும் நேரம் அதிகம். அதற்கும் மின்சாரம். பசித்தவனை ஓட விட்ட கதை. நாமோ திரையில் சிக்னல் கோடுகள் குறைவதைப் பார்த்துவிட்டு, இன்னும் நீளமான கேபிள் வாங்கக் கடைக்குப் போகிறோம்!

*

இந்த நாடகம் மொத்தமும் ஒரே மேடையில் அரங்கேறியது 2012-ல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில். பிள்ளைகள் கம்ப்யூட்டரை வெறுமனே உபயோகிக்காமல் உள்ளே புகுந்து விளையாட வேண்டும் என்று எபன் அப்டனும் நண்பர்களும் ராஸ்பெரி பை என்ற கம்ப்யூட்டரை உருவாக்கினார்கள். கிரெடிட் கார்டு அளவு. விலை 35 டாலர். பிப்ரவரி 29-ம் தேதி விற்பனை ஆரம்பித்ததும் கடைகளின் வலைத்தளங்கள் திணறிப்போயின.

வீட்டில் கிடக்கும் செல்போன் சார்ஜரிலேயே ஓடும் என்பது அதன் கவர்ச்சிகளில் ஒன்று. உள்ளே வை-ஃபை கிடையாது. ஆக எல்லோரும் முதலில் வாங்கிச் செருகியது ஒரு குட்டி யு.எஸ்.பி. அடாப்டரை.

சிக்கல் ஆரம்பித்தது. முதலில் வந்த போர்டுகளில் இரண்டு யு.எஸ்.பி. துவாரங்களுக்கும் தலா ஒரு காவல்காரரை நிறுத்தியிருந்தார்கள். அளவு மீறினால் தடுத்து, பிறகு தானே ஆறிப் பழைய நிலைக்குத் திரும்பும் பாலிஃபியூஸ். அளவு 140 மில்லி ஆம்பியர். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் தாராளம். வை-ஃபைக்கு? வாயைத் திறந்தாலே குரல்வளையில் கை. ஃபியூஸ் அறுபடாதபோதும் அதற்கென்று சில ஓம் தடை உண்டு என்பதால், வோல்ட்டேஜ் அங்கேயே இறங்கிவிடும்.

சில மாதங்களில் அந்த ஃபியூஸ்களை எடுத்தே விட்டார்கள். உடனே அடுத்த வேடிக்கை. ஓடிக்கொண்டிருக்கும் போர்டில் அடாப்டரைச் செருகினால் கம்ப்யூட்டர் மொத்தமும் ஒரு குலுங்குக் குலுங்கி மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. அடாப்டருக்குள் காலியாக இருக்கும் கெப்பாசிட்டர், செருகிய கணத்தில் காலித் தொட்டி மாதிரி மின்சாரத்தை மொத்தமாக இழுக்கும். காவல்காரர் போய்விட்டார், ஆகவே இழுபட்டது கம்ப்யூட்டரின் சொந்தச் சாப்பாடு. சுமாரான சார்ஜர், ஒல்லியான கேபிள் என்றால் கேட்கவே வேண்டாம்.

போர்டில் டி.பி.1, டி.பி.2 என்று இரண்டு புள்ளிகள் இருந்தன. அங்கே மீட்டரை வைத்துப் பாருங்கள், 4.75-க்குக் கீழே போனால் தப்பு வேறெங்கும் இல்லை, சாப்பாட்டில்தான் என்று தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் உலகமெங்கும் மல்டிமீட்டரைக் கையிலெடுத்தார்கள். புரோகிராம் கற்றுக்கொடுக்க வந்த யந்திரம், ஓம் விதியையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது.

2014 ஜூலையில் வந்த பி ப்ளஸ் மாடலில் வைத்தியம் பார்த்தார்கள். பழைய லீனியர் ரெகுலேட்டர்களுக்கு விடை கொடுத்து ஸ்விட்ச்சிங் ரெகுலேட்டர்கள். அதிலேயே அரை வாட்டிலிருந்து ஒரு வாட் வரை மிச்சம். செருகும்போது ஏற்படும் இழுப்பைத் தாங்கவும் ஏற்பாடு. இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது ஒரு சின்ன சிவப்பு விளக்கு. முன்பு அது மின்சாரம் இருக்கிறதா என்று மட்டும் சொன்னது. பி ப்ளஸ்ஸில், வோல்ட்டேஜ் சுமார் 4.63-க்குக் கீழே போனால் அணைந்துவிடும். 'எனக்குப் பத்தலை' என்று சொல்ல அந்த யந்திரத்துக்கு ஒரு வாய் கிடைத்தது. 2016-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் வை-ஃபை போர்டிலேயே ஏறிவிட்டது. அடாப்டர் தேவையில்லாமல் போனது.

*

விதிமுறையும் காலத்தோடு கொஞ்சம் மனமிரங்கியது. 2008-ல் யு.எஸ்.பி. 3.0 வந்தபோது ரேஷன் 500-லிருந்து 900 மில்லி ஆம்பியராக உயர்ந்தது. கம்ப்யூட்டரில் நீல நாக்கு தெரிகிற துவாரம் இருந்தால் பெரும்பாலும் அதுதான். இப்போதைய யு.எஸ்.பி.-ஸி துவாரங்கள் பேரம் பேசி 48 வோல்ட், 240 வாட் வரை கொடுக்க விதி இருக்கிறது. லேப்டாப்பே அதில் சாப்பிடலாம். ஆனால் பேரம் தொடங்குவதற்கு முன் அந்த மகா சக்திமான் துவாரம் முதலில் எடுத்து வைப்பது எவ்வளவு தெரியுமா? 5 வோல்ட். 7400 வரிசைக்காரர்கள் போட்ட கோலம் இன்னும் அழியவில்லை.

வீட்டில் அடாப்டர் தகராறு செய்தால், புதிது வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. முன்பக்கத் துவாரத்தை விட்டுவிட்டு, மதர்போர்டிலிருந்து நேராக வரும் பின்பக்கத் துவாரத்தில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் தவிர்க்க முடியாதென்றால் குட்டையாக, தடியாக வாங்குங்கள். ஹப் என்றால் தனக்கென்று சார்ஜர் உள்ள ஹப். சில அதிக சக்தி அடாப்டர்களோடு இரண்டு தலை உள்ள கேபிள் வரும். விதிமுறை அதை ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் இரண்டு இலை போட்டுச் சாப்பிடுவதன் காரணம் இப்போது உங்களுக்குப் புரியும்.

விட்லரின் ரெகுலேட்டர் ரொம்ப நல்ல பிள்ளை. வருவது குறைந்தாலும் கடைசி மில்லி வோல்ட் வரை வெளியே காட்டிக்கொள்ளாது. வாசலில் 5 வந்தாலும், 4.5 வந்தாலும், உள்ளே 3.3-தான் பரிமாறும். அதனாலேயே வெளியே இருப்பவர்களுக்குப் பற்றாக்குறை தெரிவதில்லை. ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் போய் மொத்தமும் சரியும்போது, பழி அடாப்டர் மேல் விழுகிறது. திறமை இல்லை, தரம் இல்லை, மட்டமான சரக்கு.

பந்தியில் குறை வைத்தவர்களை யாரும் கேட்பதில்லை.